பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? – பேரையூர்ச் சுற்றுவட்டாரத்தில் மூன்று நாட்கள்

பேரையூரைச் சுற்றுலாக் கையேடுகளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஒரு தாலுகாத் தலைநகரம், பேரூராட்சி. மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டியில் இறங்கி மேற்கே திரும்பிச் செல்ல வேண்டும். நாயக்கர் காலத்துப் பாளையப் பட்டியலை மனனம் செய்தவர்களுக்குத் தும்பிச்சி நாயக்கரின் பேரையூர், காமைய நாயக்கரின் சாப்டூர் என்ற பெயர்கள் நினைவிருக்கக் கூடும். மற்றவர்களுக்கு இது சதுரகிரி மலைக்குப் போகும் வழியில் பேருந்து நின்று புறப்படும் ஓர் ஊர், அவ்வளவே.

ஊரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று இங்கே யாரிடம் சொன்னாலும், "மலைக்கா?" என்பதே மறுமொழியாக வருகிறது. இல்லை, ஊரைத்தான் என்றால் கேட்டவர் முகத்தில் ஓர் ஐயம் படர்கிறது. நிலம் வாங்க வந்தவர்களாக இருக்கலாம், கணக்கெடுக்க வந்தவர்களாக இருக்கலாம். சும்மா பார்க்க வந்தவர்களாக இருக்க முடியாது. இந்த ஐயத்தில் நியாயமில்லாமல் இல்லை. பார்ப்பதற்காகவே ஒருவர் ஓர் ஊருக்கு வருவது என்ற வழக்கம் நம்மிடையே கோயில், கடல், அருவி ஆகியவற்றைத் தாண்டி இன்னும் அதிக தூரம் போகவில்லை.

நாங்கள் நால்வர், வாசிப்பால் நண்பர்களானவர்கள், ஒரு தை மாதத்தில் மூன்று நாட்களை ஒதுக்கிக்கொண்டு இங்கு வந்து நடந்ததற்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு பழைய பயணநூல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1878ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தென் பிரான்சின் செவென் மலைப்பகுதியில், மோதெஸ்தின் என்ற பெண் கழுதையின் முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு நாட்கள் நடந்தார். மறு ஆண்டு அது நூலாக வந்தது. அவர் நடந்தது புகழ்பெற்ற இடம் எதிலும் அன்று. தார்ன் ஆற்றங்கரையிலுள்ள போன்-த-மோன்வேர் போன்ற சிற்றூர்கள், ஏழை விவசாயிகள், மலைக்கிராமங்கள். ஆயினும் அந்த ஊரில்தான் 1702இல் புராட்டஸ்டண்டு உழவர்களின் கலகம் வெடித்தது என்பதை அறிந்தே அவர் அங்கே சென்றார். மண்ணின் கதையைத் தெரிந்துகொண்டு நடப்பவனுக்குச் சாதாரணப் பாலமும் காட்சியாகிவிடுகிறது.

பிரான்சில் 1947 முதல் நெடுநடைப் பாதைகளை வெள்ளையும் சிவப்புமான இரு பட்டைகளால் மரத்திலும் பாறையிலும் குறித்து வருகிறார்கள். ஸ்டீவன்சன் நடந்த தடமும் பின்னாளில் எழுபதாம் எண் கொண்ட பாதையாக அதில் சேர்ந்தது. இன்று அங்கே வாடகைக்குக் கழுதை கிடைக்கிறது. ஆற்றில் துடுப்புப் படகு விடலாம். நடந்து களைத்தவர் தங்கக் கிராமத்து விடுதிகள் உண்டு. ஒரு நூல் ஒரு வட்டாரத்துக்குச் சோறு போடுகிறது என்பதைக் கேட்கும்போது எழுத்தின்மீது காதல் கொண்டவர்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சி எங்களுக்கும் ஏற்பட்டது. கூடவே, நம் பக்கத்தில் அப்படி நடந்தால் என்ன தென்படும், அப்படி ஆக வேண்டுமா என்ற கேள்விகளும் எழுந்தன. இரண்டாவது கேள்விதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது.

*

முதல் நாள் ஆற்றைத் தேடினோம். தேடினோம் என்ற சொல்லை மிகையாகக் கொள்ள வேண்டாம். குண்டாறு மேற்கேயுள்ள மலைகளில் தோன்றி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் சேர்கிறது என்பது வரைபடம் சொல்லும் செய்தி. திருச்சுழியில் அதைக் கௌண்டின்ய நதி என்பார்கள். ஸ்டீவன்சனின் நூல் வெளியான அதே 1879இல் இரமண மகரிஷி பிறந்தது அந்தக் கரையில்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவதென்னவோ மணலும், மணலை மறைத்து நிற்கும் சீமைக் கருவேலமும். மலையில் பெய்தால் ஓரிரு நாட்கள் செந்நீர் புரண்டு ஓடும், பிறகு வண்டித்தடமாகிவிடும். கவுண்டா நதி முதலிய துணையாறுகளின் கதையும் இதுவே. துடுப்புப் படகுக்கு இங்கே வேலையில்லை.

ஆற்றை ஆற்றிலேயே தேடுவது இந்த நிலத்தில் பொருந்தாது என்பதை அன்று பிற்பகலில் ஒரு கண்மாய்க் கரையில் நின்றபோது உணர்ந்தோம். ஓடிவரும் நீரை ஓடவிடாமல் வழியெங்கும் மறித்து, ஒன்றின் மறுகால் மற்றொன்றின் வரத்தாகும்படி சங்கிலியாகக் கண்மாய்களை வெட்டிவைத்தவர்கள் நம் முன்னோர். ஆற்றின் உடல் கரிசல் காடெங்கும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தை மாதமாதலால் வடகிழக்குப் பருவமழையின் நீர் பாதிக் கண்மாயில் எஞ்சியிருந்தது. முக்குளிப்பான்கள் மூழ்கி எழுந்தன. நீர்க்காகம் ஒன்று பட்ட கருவேலத்தின் மேல் சிறகை விரித்துக் காயவைத்தபடி அமர்ந்திருந்தது. கரைக்கு அப்பால் சோளம் கதிர் வாங்கி நின்றது. அதையடுத்த புஞ்சையில் மல்லி பூத்திருந்தது. கொத்துமல்லிப் பூவின் வெண்மையைக் கரிசலின் கருமைமேல் கண்டவர்கள் அதை எளிதில் மறக்க முடியாது. அதற்குக் கட்டணமில்லை, பலகையுமில்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் எங்களை வெகுநேரம் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"எந்தூருப்பா நீங்கள்ளாம்? என்னத்தத் தேடுறீக?"

"ஒன்றும் தேடலை ஆத்தா. கண்மாயைப் பார்க்கத்தான் வந்தோம்."

"பாத்துட்டு?"

இந்த ஒற்றைச் சொல்லுக்கு எங்களால் விடை சொல்ல இயலவில்லை. அவரே தொடர்ந்தார். இந்தக் கண்மாய் நிறைந்து எத்தனையோ காலம் ஆயிற்று. வரத்துக்கால் முழுக்கக் கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்து மடையைத் திறந்து ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலம் போய்விட்டது. பையன்கள் எல்லாம் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "அழிகண்மா அன்னிக்கு வாங்க. அப்பத்தான் பாக்க நல்லாருக்கும்" என்றார்.

கோடையில் நீர் வற்றி மீன் ஒடுங்கும்போது ஊர் கூடி ஒரு நாளைக் குறித்து, வெள்ளைத் துணி வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிப் பிடிப்பதைத்தான் அவர் குறிப்பிட்டார். மதுரை, சிவகங்கை வட்டாரக் கண்மாய்களில் இன்றும் நடக்கும் மீன்பிடித் திருவிழா இது. ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் வந்து சேறாடும். பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை. குழம்பு வைத்து உண்பார்கள், உறவுக்குக் கொடுத்தனுப்புவார்கள். வெளிப்புறக் கேளிக்கை என்று நாம் இறக்குமதி செய்ய நினைப்பவற்றுக்கு ஈடாக இங்கே ஏற்கெனவே பல உண்டு. சுரைப்புரடையைக் கட்டிக்கொண்டு கமலைக் கிணற்றில் குதித்து நீந்தப் பழகியது, மஞ்சுவிரட்டு, இரவெல்லாம் நடக்கும் பாதயாத்திரை. பிரெஞ்சுக்காரர் ஆற்றில் படகு விடுவதும் நம்மவர் சேற்றில் மீன் தடவுவதும் உடலளவில் ஒரே மகிழ்ச்சிதான். இங்கே அது ஊராரின் உரிமையாகவும் கண்மாயைக் காப்பதற்கான காரணமாகவும் இருந்தது என்பதே வேறுபாடு. கண்மாய் நிறைந்தால்தான் அழிகண்மாய். ஆகவே வரத்துக்காலைப் பராமரிப்பதில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது.

சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊர்கள்தோறும் இயந்திரங்கள் வந்தன. பின் வழக்கு வேறு திசையில் போயிற்று. வெட்டிய இடங்களில் மரம் மீண்டும் தழைத்தது. காவிரியை வைகையோடும் குண்டாற்றோடும் இணைக்கும் 262 கிலோமீட்டர்க் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றைப் பற்றிக் கரையில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தோம். நம்பிக்கையோடும் பேசவில்லை, கோபத்தோடும் பேசவில்லை. மழையைப் பற்றி எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினார்கள்.

*

இரண்டாம் நாள் டி. கல்லுப்பட்டி. 1970களில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த ஊர். பெருங்கற்காலத்து மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்த மண். அருகே தேவன்குறிச்சி மலை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பகுதியின் ஏழு ஊர்களும் சேர்ந்து அம்மனுக்கு எடுக்கும் விழாவில், மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு கட்டிய பெரிய சப்பரங்களைத் தோளில் சுமந்து ஊரிலிருந்து ஊருக்கு வயல்வழியே கொண்டுவருவார்கள். எங்கள் பயணக் காலம் அதற்குரியதாக இல்லை. கேட்டறிந்ததோடு சரி.

நாங்கள் இங்கு வந்ததன் முதன்மைக் காரணம் காந்தி நிகேதன் ஆசிரமம். 1940இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய இந்த ஆசிரமத்தில்தான் ஜே. சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்காயராகி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, காந்தியைச் சந்தித்தபின் எல்லாவற்றையும் துறந்து குஜராத்தின் மாதர் தாலுகாவில் உழவர் குடும்பங்களின் வரவுசெலவைக் கணக்கெடுத்தவர். அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி கொல்லப்பட்ட அதே தேதியில், மதுரையில் மறைந்தார்.

இவரது குடிலின் சுவரில் ஓர் ஏழை உழவனின் படம் இருந்தது என்றும், காந்தி தமக்கு ஆசான், இவன் என் ஆசானுக்கு ஆசான் என்று வருபவர்களிடம் அவர் சொல்வதுண்டு என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஆசிரமத்து மரநிழலில் அமர்ந்திருந்தபோது எங்களில் ஒருவர் அவரது நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை நினைவுகூர்ந்தார். ஜபல்பூர்ச் சிறையில் எழுதப்பட்டது. 1945இல் காந்தி முன்னுரை அளித்தார். அதில் குமரப்பா இயற்கையிலிருந்தே ஐந்து வகைப் பொருளாதாரங்களை எடுத்துக்காட்டுகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி தன் உணவின் ஊற்றையே அழிக்கிறது. அது ஒட்டுண்ணி வகை. தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு மரத்தை அழிப்பதில்லை, ஆனால் அதற்காக ஒன்றும் செய்வதுமில்லை; அது சூறை வகை. தன் உழைப்பால் கூடு கட்டும் பறவையினுடையது முயற்சி வகை. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீயினுடையது கூட்டு வகை. குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை. அது தொண்டு வகை.

ஊர் பார்க்க வருபவன் இந்த ஐந்தில் எவன் என்று அங்கே பேச்சு எழுந்தது. எங்களுள் ஒருவர், இவ்வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்டவர், கண்மாய்க் கரையில் நான்கு குடில்கள் அமைத்து நகரத்தாரை வரவழைக்கும் எண்ணத்தைச் சில காலமாக மனத்தில் வைத்திருப்பவர். வேலை வேண்டிப் பையன்கள் வெளியேறும் ஊரில் நான்கு பேருக்காவது பிழைப்புக் கிடைக்குமே என்பது அவர் வாதம். அதில் பொய்யில்லை. செவென் மலைக் கிராமங்களிலும் மக்கள் வெளியேறியபடிதான் இருந்தார்கள். நடைப்பயணிகள் வந்ததால் சில ஊர்களில் கடை திறந்திருக்கிறது. மற்றொருவர் மறுத்தார். கண்மாய் நீரைக் குடிலுக்கு எடுத்தால் ஆட்டுக்கு எது? கரையில் அமர்ந்து குடிப்பவர்கள் உடைக்கும் புட்டியில் கால் வைப்பது யார்? மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்கள் பலவற்றில் விடுதிகள் பெருகியபின் ஓடைகள் என்ன ஆயின என்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். வாதம் நெடுநேரம் நீண்டது. குமரப்பா இருந்த இடத்தில் அமர்ந்து இதைப் பேசினோம் என்பதால் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

*

மூன்றாம் நாள், தை அமாவாசையை ஒட்டி, மலை. சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் கோயில்கொண்டுள்ள சதுரகிரி, நிர்வாகக் கணக்கில் பேரையூர் தாலுகாவைச் சேர்ந்தது. ஆனால் பெருவாரியானோர் ஏறுவது விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து. சாப்டூரை அடுத்த வாழைத்தோப்பு வழியாக ஒரு தடமும், தேனி மாவட்டத்தின் உப்புத்துறை வழியாக மற்றொன்றும் உண்டு. நாங்கள் தாணிப்பாறையைத் தேர்ந்தோம்.

குதிரை ஊற்று, வழுக்குப் பாறை, அத்தி ஊற்று, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பிலாவடிக் கருப்பர் என்று வழியெங்கும் பெயர்கள். வெள்ளை சிவப்புப் பட்டைகள் தேவைப்படாத பாதை இது. பெயரே அடையாளக் குறி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை. நடப்பவன் அடுத்த ஊற்று எங்கே என்று கேட்டுக்கொண்டே நடந்துவிடுகிறான். பச்சைமால் என்னும் இடையனின் கோல் அடி பட்டதால் சுந்தர மகாலிங்கம் சாய்ந்த நிலையில் இருக்கிறது என்பர். தன் பசுவின் பாலைக் குடித்தவர் இறைவன் என்று அறியாமல் அடித்தவனுக்கும் அருள் கிடைத்த கதை. கால்நடை மேய்ப்பவர்களின் நிலத்தில் பிறந்த கதையாகவே அது எங்களுக்குத் தோன்றிற்று.

இந்த மலைக்காடு 1988இல் அமைந்த திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் பகுதி. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்துத் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. ஓடைக்கு மேலே, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய ஓரிடத்தில், அந்த அணிலைக் கண்டோம். நீண்ட சாம்பல் வால் தொங்க, தாவாமல் எங்களைப் பார்த்தபடி இருந்தது. அதற்குக் கிளைகள் தொடர்ந்திருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் அதன் உலகம் அறுந்துபோகும். அதே ஓடையின் கரையில் தண்ணீர்ப் புட்டிகளும் பழைய துணிகளும் கிடந்தன.

2015 மே மாதத்தில், வெயில் காலத்து மாலை ஒன்றில், மலைமேல் பெய்த மழையால் இவ்வோடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். அதன் பிறகே ஏறும் நாட்களும் நேரமும் கடுமையாக வரையறுக்கப்பட்டன. வரையறைகள் அவ்வப்போது மாறுகின்றன. செல்பவர்கள் விசாரித்துவிட்டே செல்ல வேண்டும். கீழே வானம் தெளிவாக இருப்பது மேலே நடப்பதைச் சொல்லாது என்பது மலையடிவாரத்துக்காரர்கள் அனைவரும் அறிந்த பாடம். அன்று எங்களுக்கு அதைச் சொன்னவர் சுமை தூக்கும் பளியர் இளைஞர் ஒருவர். எங்கள் பைகளைக் காட்டிலும் மூன்று மடங்கு எடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனவர், திரும்பி வருகையில் சற்று நின்று பேசினார்.

பளியர்கள் இம்மலைகளின் பழங்குடிகள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் இன்று அடிவாரக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்கள் போன்றோருக்கு உரிமைகளை வகுத்துள்ளது. எழுதியது எவ்வளவு நடந்தது என்பது வேறு கதை. தம் பாட்டனார் காலத்தில் இந்தப் பாதையில் விழா நாளன்றிக் கூட்டம் இருக்காது என்று கேள்விப்பட்டிருப்பதாக அவர் சொன்னார். கூட்டம் வந்தால்தான் கூலி. கூட்டம் வந்தால் தேனீ போய்விடுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில், குறையாக அன்றி நடப்பாகவே சொன்னார். முந்தின நாள் ஆசிரமத்து மரத்தடியில் நாங்கள் மணிக்கணக்கில் வாதித்ததை அவர் தலையில் சுமையோடு தினமும் ஏறி இறங்கித் தெரிந்துவைத்திருக்கிறார்.

*

குடில் கட்டும் எண்ணம் கொண்ட நண்பர் அதைக் கைவிடவில்லை. ஆனால் திரும்பும் வழியில் தம் கணக்கை மாற்றிக்கொண்டார். முதலில் வரத்துக்காலில் உள்ள கருவேலத்தை அகற்ற ஊராரோடு பேசுவது. கண்மாய் இரண்டு பருவம் நிறைந்தால், அழிகண்மாய் நாளில் மட்டும் விருந்தினரை அழைப்பது. அவர்கள் தங்குவது ஊராரின் வீடுகளில், உண்பது அவர்கள் சமைப்பது. குமரப்பாவின் வரிசையில் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் ஏதோ ஓரிடத்தில் இது நிற்கும் என்று மறுத்தவரும் ஒப்புக்கொண்டார். நடக்குமா என்பது மழையையும் ஊர்க்கூட்டத்தையும் பொறுத்தது.

இதைப் படித்துவிட்டுப் பேரையூர்ப் பக்கம் வர எண்ணும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். தை, மாசி மாதங்களில் வாருங்கள். கரிசல் அப்போது பார்க்க நிறைந்திருக்கும். நாற்பது பேராக வராமல் நான்கு பேராக வாருங்கள். கல்லுப்பட்டியில் ஒரு முற்பகலைக் குமரப்பாவுக்கு ஒதுக்குங்கள். கண்மாய்க்கரையில் காலையில் நடங்கள். புஞ்சையில் இறங்குமுன் கேட்டுவிட்டு இறங்குங்கள். மலைக்குப் போனால் கொண்டுபோன புட்டியைக் கொண்டுவாருங்கள், சுமை தூக்குபவரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள். ஆடு மேய்ப்பவர்கள் யாரேனும் "பாத்துட்டு?" என்று கேட்கக் கூடும். அதற்கான விடையை வரும்போதே யோசித்துக்கொண்டு வருவது நல்லது.